நீர் திசை மாறும் நேரம்

1846இல் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி, டார்கீ கடற்கரையில் கிடைத்த சில கல்பவள உயிரிகளை லண்டனில் இருந்த தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பாத்திரத்தில் அடைத்த கடல்நீர் சில நாளில் கெட்டுப்போகும். மாற்றி ஊற்றப் புதிய கடல்நீர் லண்டனில் எளிதில் கிடைக்காது. அவர் கண்ட வழி இது: பணிப்பெண் ஒருவர் திறந்த சன்னல் அருகே நின்று, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கும், அதிலிருந்து மறுபடி முதல் பாத்திரத்துக்கும் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். நாள்தோறும் அரை மணி, முக்கால் மணி நேரம். பவளங்கள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்தன, பெருகவும் செய்தன. கடல்நீர்த் தொட்டியின் வரலாற்றில் எஜமானியின் பெயர் நிலைத்திருக்கிறது. கை சளைக்காமல் ஊற்றியவரையும் நாம் அந்த வரலாற்றில் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இன்று அந்தக் கைகளின் வேலையை இரண்டு சிறு பம்புகள் செய்கின்றன. தொட்டியின் இடப்பக்கக் கண்ணாடியில் ஒன்று, வலப்பக்கத்தில் ஒன்று. ஒன்று ஓடும்போது மற்றது ஓய்ந்திருக்கும். பிறகு முறை மாறும். எப்போது மாற வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு கட்டுப்படுத்தி. இதற்கான நிரல் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்தப் பக்கத்தைக் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும்: பம்பு ஓடிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி போதும். மீதி வரிகள் எல்லாம் அது மாறுகிற சில விநாடிகளுக்காக எழுதப்பட்டவை. பவளத்தின் உடம்பில் நடப்பதும் இதற்கு ஒத்தே இருக்கிறது. ஆகவே நிரலுக்கு முன் பவளத்தைப் பார்ப்போம்.

பவள உயிரி இருந்த இடத்தை விட்டு நகராது. மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜன், இரை, கழிவு நீக்கம் அனைத்தும் நீர் வந்து செய்து தர வேண்டியவை. ஆனால் எவ்வளவு வேகமாக நீர் ஓடினாலும், உயிரியின் தோலை ஒட்டி ஒரு மெல்லிய படலம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இதை எல்லைப் படலம் என்கிறார்கள். அதற்குள் ஓட்டம் கிடையாது. மூலக்கூறுகள் தாமாகப் பரவித்தான் கடக்க வேண்டும். பரவல் மிக மெதுவான பயணம். நீரில் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டர் தூரத்தைப் பரவிக் கடக்க ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். தூரத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் நேரம் நூறில் ஒரு பங்காகும், அதாவது இரண்டரை விநாடி. ஓடும் நீர் செய்யும் உதவி இதுதான்: படலத்தை வழித்து மெலிதாக்குகிறது.

படலம் தடித்துப்போனால் என்ன கேடு? பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடும். அது வெளியேற வழி குறுகினால் உள்ளேயே சேர்ந்து, சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். மிஞ்சிய ஆக்சிஜன் ஒளிச்சேர்க்கையையே தடுக்கிறது. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய நொதி, பக்கத்தில் நிற்கும் ஆக்சிஜனைப் பிடித்து நேரத்தை வீணாக்கும். செங்கடல் ஓரத்து ஐலாத்தில் தாலி மாஸ், அமாட்சியா கெனின் ஆகியோரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நீரோட்டம் கூடியபோது ஒளிச்சேர்க்கை கூடியது. அதற்குக் காரணம் ஆக்சிஜன் விரைந்து வெளியேறியதே. இரவில் நிலைமை தலைகீழ். பாசிகள் உற்பத்தியை நிறுத்திவிடும், உயிரி மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். விளக்கு அணைந்த சில நிமிடங்களில் திசுவின் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாமலே போகலாம்.

1998இல் உலகக் கடல்கள் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது, ஓகினாவாவில் நாகமுராவும் வான் வோசிக்கும் நீரோட்டத்தின் பங்கை ஆராய்ந்தார்கள். ஓட்டம் மிகுந்த நீரில் இருந்த பவளங்கள் அதே வெப்பத்தைத் தாங்கிப் பிழைத்தன. மந்தமான நீரில் இருந்தவை மடிந்தன. நீரோட்டம் பவளத்துக்கு வாழ்வா சாவா என்கிற விஷயம் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் பெரிய பம்பு ஒன்றை வாங்கி இராப்பகலாக ஓட விட்டால் என்ன? விட்டுப் பார்த்தால் தெரியும். ஒரே திசையில் தொடர்ந்து தள்ளப்படும் நீர் தொட்டிக்குள் தனக்கென ஒரு சுற்றுப்பாதையை அமைத்துக்கொள்ளும். அந்தப் பாதையில் நிற்கும் பவளம் ஒரு பக்கம் ஓயாமல் அடி வாங்கும். அதன் மறுபக்கத்துக்கு ஓட்டமே எட்டாது. கல்லின் பின்புறத்தில் நீர் தேங்கும், அங்கே மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் படியும். திசையை மாற்றிய மறுகணம் அந்தக் குப்பை எழும்பி வடிகட்டிக்குப் போகிறது. எல்லைப் படலமும் அப்படித்தான்: ஒரே போக்கில் ஓடும் நீரில் அது போகப் போகத் தடிக்கும்; முன்னும் பின்னும் ஆடும் நீரில், தடிப்பதற்குள் திசை திரும்பிவிடும். கிளைத்த பவளத்தின் உட்கிளைகளுக்குள் நீர் புகுவதும் இந்த ஆட்டத்தால்தான்.

கடலில் இந்த மாற்றம் பல அளவுகளில் நடக்கிறது. அலை ஒன்று வந்து போக 5 முதல் 15 விநாடி. ஓதம் ஏறவோ இறங்கவோ ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். தமிழகத்தின் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டமோ பருவக்காற்றோடு திரும்பும். தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போவது வடகிழக்குப் பருவத்தில் தெற்கே போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பார்களில் வளரும் பவளம் இந்த மூன்று தாளங்களுக்கும் பழகியது. (ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 2001 முதல் கல்பவளங்கள் அனைத்தும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு யாரும் தீவுப் பக்கம் போகக் கூடாது. வீட்டுத் தொட்டியில் மீன் மட்டும் வளர்ப்பவருக்கும் இதில் உள்ள கணக்கு அப்படியே பொருந்தும்.)

மின்னணுக் கருவி வருவதற்கு முன்பே இந்தத் தேவையை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். ஹவாயின் வைக்கீக்கி நீர்வாழ் காட்சியகத்தில் புரூஸ் கார்ல்சன் ஒரு எளிய அமைப்பைப் பரவலாக்கினார். தொட்டிக்கு மேலே ஒரு கலம். அதில் பம்பு மெதுவாக நீரை நிரப்பும். மட்டம் ஒரு வளைகுழாயின் முகட்டைத் தாண்டியதும் உறிஞ்சுகுழாய் விசை பிடித்து, கலத்து நீர் முழுதும் ஒரே வீச்சில் கீழே பாயும். காலியானதும் காற்று புகுந்து ஓட்டம் அறும், கலம் மறுபடி நிரம்பும். நிரலும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. 1984இல் திறக்கப்பட்ட கலிபோர்னியாவின் மான்டரே பே காட்சியகத்தில் கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசிக்காக எட்டு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள தொட்டி கட்டினார்கள். அசைவில்லாத நீரில் கெல்ப் வளராது. நீரை அலைபோல் அசைக்கும் இயந்திரத்தை வடிவமைத்தவர், ஹியூலட்-பக்கார்ட் நிறுவனத்தை நிறுவிய இருவரில் ஒருவரான டேவிட் பக்கார்ட்.

நமக்கு அவ்வளவு பெரிய தொட்டி வேண்டாம். நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 45, நீரின் ஆழம் 40 என்று வைத்துக்கொள்வோம். 216 லிட்டர். மணிக்கு இருபது முறையாவது மொத்த நீரும் புரள வேண்டும் என்ற பழக்கக் கணக்குப்படி, மணிக்கு 4,300 லிட்டர் தள்ளும் பம்பு இரண்டு.

முதல் கேள்வி, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது? கடலலையைப் பின்பற்றிப் பத்து விநாடிக்கு ஒரு முறை என்று சொல்லத் தோன்றும். பம்பை நிறுத்தி இயக்குவது ரிலே என்னும் மின்விசைச் சுவிட்சாக இருந்தால் அது கூடாது. சந்தையில் கிடைக்கும் சிறிய நீல நிற ரிலேக்கள் முழுச் சுமையில் ஏறத்தாழ 1,00,000 முறை மூடித் திறக்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். பத்து விநாடி ஓட்டம், பத்து விநாடி ஓய்வு என்றால் நாளுக்கு 4,320 முறை. 23 நாளில் கணக்கு முடிந்தது. பத்து நிமிடம், பத்து நிமிடம் என்றால் நாளுக்கு 72 முறை. ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டு. பம்பின் பக்கமும் இதே கதைதான். வீட்டு மின்சாரத்தில் ஓடும் சிறு பம்புக்குள் ஒரு காந்த உருளை இருக்கிறது. ஒவ்வொரு முறை இயங்கும்போதும் அது முன்னும் பின்னும் நடுங்கி, மின்னோட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் தாளத்தைப் பிடித்த பிறகே சுழலத் தொடங்கும். தேய்மானத்தின் பெரும் பங்கு அந்தக் கணத்தில்தான் நிகழ்கிறது. விநாடிக் கணக்கில் வேகத்தை மாற்ற வேண்டுமானால் டி.சி. பம்பு வேண்டும். அதை நிறுத்தாமலே 0 முதல் 10 வோல்ட் வரையிலான சமிக்ஞையால் மெல்ல ஏற்றி இறக்கலாம்.

விநாடிக் கணக்கில் மாற்றுவதில் இன்னொரு அபாயமும் உண்டு. அதன் இயற்பியல் அழகானது. எந்தத் தேக்கத்து நீருக்கும் தனக்கே உரிய ஒரு ஆட்டக் காலம் இருக்கிறது. ஜெனீவா ஏரியின் நீர்மட்டம் ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கி மறுபடி திரும்புவதற்கு ஏறத்தாழ 73 நிமிடம் ஆகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஃபோரெல் என்ற சுவிஸ் அறிவியலாளர் அதைப் பல ஆண்டுகள் அளந்து எழுதினார். அதே கணக்கை நம் 120 சென்டிமீட்டர் தொட்டிக்குப் போட்டால் ஏறத்தாழ 1.4 விநாடி வருகிறது. பம்பை 0.7 விநாடி ஓட்டி 0.7 விநாடி நிறுத்தினால் ஒவ்வொரு தள்ளலும் முந்தைய தள்ளலோடு சேர்ந்துகொள்ளும். சிறிய பம்பே மொத்த நீரையும் கண்ணாடி விளிம்புக்கு மேல் தூக்கிவிடும். அலை உண்டாக்கும் கருவிகள் சில இந்த ஒத்ததிர்வை வேண்டுமென்றே பயன்படுத்துகின்றன. அதற்கென்று கட்டப்படாத தொட்டியில், கண்ணாடிகளை இணைக்கும் சிலிகோன் ஒட்டு அந்தச் சுமையை விநாடிக்கு விநாடி தாங்க வேண்டியிருக்கும். எனவே நம் நிரலில் பத்து நிமிடம்.

இப்போது நிரல். முதலில் தோன்றும் வழி இது: இடது பம்பை இயக்கு, பத்து நிமிடம் காத்திரு, நிறுத்து, வலது பம்பை இயக்கு, காத்திரு, நிறுத்து, மறுபடி தொடங்கு. இது ஓடும். ஆனால் காத்திருக்கும் பத்து நிமிடமும் கருவிக்குக் கண்ணும் காதும் இல்லை. வெப்பநிலை ஏறினாலும், தீனி போடப் பொத்தானை அழுத்தினாலும் அதற்குத் தெரியாது. மின்சாரம் போய் வந்தால் கதை முதலிலிருந்து தொடங்கும். எங்கள் ஊர்களில் மாலையில் அடிக்கடி மின்சாரம் போய் வரும்போது, வலது பம்புக்கு முறையே வராமல் போய்விடலாம்.

வேறு வழி ஒன்று உண்டு. எனக்கு மிகப் பிடித்தது அது. கருவி எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம். அதனிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்: இப்போது மணி என்ன? நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகளை 1,200ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 620க்குக் குறைவானால் இடது பம்பு ஓடட்டும். வலது பம்புக்கு அதே விதிதான். மீதியோடு 600ஐக் கூட்டி, மறுபடி 1,200ஆல் வகுத்த மீதியைப் பார்க்க வேண்டும், அவ்வளவே. ஒரு விதி, அரைச் சுற்று தள்ளி இரண்டு முறை.

600 என்று வைக்காமல் 620 என்று வைத்ததில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு முறை மாறும்போதும் 20 விநாடி இரண்டு பம்புகளும் சேர்ந்து ஓடும். எதிரெதிரே வரும் இரண்டு நீரோட்டங்கள் தொட்டியின் நடுவே மோதிக் கலங்கும் அந்த நேரம்தான், அன்றாடத்தில் எந்த ஓட்டமும் எட்டாத மூலைகளுக்கும் நீர் போகிற நேரம். கூடவே இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. 0 முதல் 1,199 வரை எந்த எண்ணைக் கொடுத்துப் பார்த்தாலும், இரண்டு பம்புகளும் ஒருசேர நிற்கும் நிலை வராது. கடிகாரச் சில்லின் பொத்தான் பேட்டரி தீர்ந்து அது தவறான நேரத்தைக் காட்டினாலும் ஏதாவது ஒரு பம்பு ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் போய் வந்தால், கருவி அந்த நேரத்துக்குரிய இடத்திலிருந்து தொடரும். 1,200ஐத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: ஒரு நாளின் 86,400 விநாடி அதனால் மீதியின்றி 72 முறை வகுபடும், எனவே நள்ளிரவில் தாளம் தப்பாது.

கடையில் வாங்கும் கட்டுப்படுத்திகளிலும் இந்த எண்ணமே வேறு உருவில் இருக்கிறது. நெப்டியூன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் அபெக்ஸில் ஒரு பம்பை முறை வைத்து இயக்க மூன்று நேரங்களைக் கொடுக்கிறோம்: முதல் ஓய்வு, ஓட்டம், பிறகு ஓய்வு. இடது பம்புக்கு முதல் ஓய்வு சுழியம். வலதுக்குப் பத்து நிமிடம். அதன் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், கடைசியாக உண்மையாகும் விதியே நிற்கும். ஆகையால் தாள விதியை மேலே எழுதி, தீனி நேர விதியை அதற்குக் கீழே எழுதி, பாதுகாப்பு விதியை எல்லாவற்றுக்கும் அடியில் எழுத வேண்டும். வரிசை மாறினால் சொற்கள் அத்தனையும் சரியாக இருந்தும் பொருள் மாறிவிடும்.

தீனி நேரம் தனிக் கவனம் கேட்கிறது. தீனி போடும்போது ஓட்டம் இருந்தால் அந்தத் தீனி வடிகட்டிக்குப் போய்விடும். எனவே ஒரு பொத்தான், அழுத்தினால் பம்புகள் இரண்டும் நிற்கும். அதே பொத்தானை மறுபடி அழுத்தினால் ஓடும் என்று எழுதுவது ஆபத்து. தொலைபேசி அடிக்கும், வாசலில் யாரோ கூப்பிடுவார்கள். 26 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீர் காற்றிலிருந்து 7 மில்லிகிராமுக்கும் குறைவான ஆக்சிஜனையே ஏற்கும். மீன்கள் நிறைந்த தொட்டியில் அது விரைவில் தீரும். எனவே நிறுத்தம் தானாகவே பத்து நிமிடத்தில் காலாவதியாக வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தை எண்ணும் இடத்தில் ஒரு பழைய கண்ணி காத்திருக்கிறது. ஆர்டுயினோ போன்ற சிறு கருவிகள், தாம் இயங்கத் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லி விநாடிகளை 32 பிட் எண்ணில் வைத்திருக்கின்றன. அதன் உச்சம் 4,29,49,67,295. 49 நாள் 17 மணி நேரம் ஆனதும் எண் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 95 கணினிகள் இதே 49.7 நாள் கணக்கில் உறைந்துபோன வரலாறு உண்டு. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம், போயிங் 787 விமானங்களில் மின்னாக்கிக் கட்டுப்படுத்திகள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் நின்றுவிடக்கூடும் என்று எச்சரித்து ஆணை பிறப்பித்தது. 248 நாள் என்பது நூறில் ஒரு பங்கு விநாடிகளை 31 பிட்டில் எண்ணினால் வரும் எல்லை.

மணியைக் கேட்காமல் இந்த மில்லி விநாடிகளை எண்ணிப் பம்புகளை மாற்றும் நிரலில் இது எப்படித் தாக்கும்? அடுத்து மாற வேண்டிய நேரம் என்று, இப்போதைய எண்ணோடு 6,00,000ஐக் கூட்டி எழுதி வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். எண் நிரம்பப் போகும் தறுவாயில் கூட்டினால் விடை சுற்றிக்கொண்டு சிறிய எண்ணாகிவிடும். இப்போதைய எண்ணோ மிகப் பெரியது. "நேரம் வந்துவிட்டதா" என்று கேட்டால் "வந்துவிட்டது" என்ற பதிலே ஒவ்வொரு முறையும் வரும். எண் உண்மையில் சுழியத்தைத் தொடும்வரை ரிலே ஓயாமல் படபடக்கும். தீர்வு ஒரு கழித்தலில் இருக்கிறது. எப்போது மாற வேண்டும் என்று கேட்காமல், கடைசியாக மாறி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் 11 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடிந்த வேலை மூன்று மணி நேரம் என்று சொல்ல, முள் நடுவே பன்னிரண்டைத் தாண்டியது நமக்குத் தடையாவதில்லை. குறியில்லாத முழு எண்களின் கழித்தலும் அப்படியே சுற்றைத் தாண்டிச் சரியான விடை தரும்.

நிரல் முழுதும் சரியாக இருந்தாலும் நிரலைத் தாங்கும் சில்லு ஒரு நாள் நிற்கும். அந்த வேளையில் பம்புகள் என்ன செய்யும் என்பதை நிரலால் தீர்மானிக்க முடியாது, வயரிங் தீர்மானிக்கும். ரிலேயில் இரண்டு முனைகள் இருக்கின்றன. ஒன்று ரிலேக்கு ஆணை வந்தால் இணைவது, மற்றது ஆணை வராதபோது இணைந்தே இருப்பது. இரண்டாவதை என்.சி. முனை என்பார்கள். பம்பை அதில் கோத்தால், "ஓடு" என்று சொல்ல ஆணை தேவையில்லை; "நில்" என்று சொல்லத்தான் ஆணை வேண்டும். கட்டுப்படுத்தி செத்தால் இரண்டு பம்புகளும் ஓடும். ஹீட்டருக்கு இதற்கு நேர்மாறான முனை. சில்லு உயிரோடிருந்தும் நிரல் எங்கோ சிக்கிக்கொண்டால், அதை மீட்க சில்லுக்குள்ளேயே காவல் கடிகாரம் இருக்கிறது. ஆர்டுயினோ ஊனோவில் அதற்கு அதிகபட்சம் எட்டு விநாடி அவகாசம் தரலாம். அதற்குள் நிரல் குரல் கொடுக்காவிட்டால் சில்லு தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும்.

உப்புநீருக்குப் பக்கத்தில் 230 வோல்ட் இருப்பதை ஒரு கணமும் மறக்கக் கூடாது. இணைப்பில், மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். வயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஆர்.சி.சி.பி. விழுந்தால் பம்புகளும் நிற்கும் என்பதால், மின்சாரம் அற்றதும் தானே இயங்கும் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்றைத் தனியாக வைத்திருப்பவர்கள் நிம்மதியாக ஊருக்குப் போகிறார்கள்.

எழுதியதைச் சோதிக்கப் பகல் நேரமே நல்லது. கட்டுப்படுத்தியின் மின்சாரத்தை மட்டும் பிடுங்கிவிட்டு, இரண்டு பம்புகளும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் பிடுங்கிப் பாருங்கள், மாறும் 20 விநாடிக்குள் பிடுங்கிப் பாருங்கள், தீனி நேரத்தின் நடுவே பிடுங்கிப் பாருங்கள். பிறகு நீரோட்டத்தை அளக்க வேண்டும். அதற்கு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி 1971இல் எழுதிய மலிவான முறை இன்றும் பயன்படுகிறது: ஒரே அளவில் வார்த்த பிளாஸ்டர் கட்டிகளைக் காயவைத்து எடை போட்டு, நீருக்குள் பல இடங்களில் கட்டி வைப்பது. ஓட்டம் மிகுந்த இடத்தில் கட்டி கூடுதலாகக் கரையும். இந்த டோட்டிதான் காப்பாபைகஸ் கடற்பாசிக்கு இன்றைய அறிவியல் பெயரை வைத்தவர். பிலிப்பீன்ஸில் அதைப் பயிராக்கியதில் முன்னின்றவரும் அவரே. அந்தப் பாசி பின்னாளில் மன்னார் வளைகுடாவுக்கும் வந்து, குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்து அவற்றை மூடியது. ஓட்டத்தை அளக்கக் கற்றுத் தந்தவரின் பயிர் நம் பவளங்களை மூச்சடைக்க வைத்தது எனக்குத் தீராத வருத்தம்.

கட்டிகளை ஒரு நாள் கழித்து எடுத்து, காயவைத்து, மறுபடி எடை போடுங்கள். கல்லின் பின்புறக் கட்டி மற்றவற்றைவிடக் குறைவாகக் கரைந்திருந்தால், முதலில் பம்பின் முகத்தைச் சற்றுத் திருப்புங்கள். நிரலைத் தொடுவது அதற்குப் பிறகு. அப்போதும் போதாவிட்டால், 620 என்ற எண்ணை 660 ஆக்கி, மோதும் நேரத்தை 20 விநாடியிலிருந்து ஒரு நிமிடமாகக் கூட்டி, புதிய கட்டிகளோடு மறுபடி தொடங்கலாம்.